மென்பொருளும் ஓர் அமானிதமே

'பதிப்பு' என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழ் பயின்றோர் நெஞ்சில் ஏட்டுச் சுவடிகளும் பாட வேறுபாடுகளும் பிழைதிருத்தப் பட்டியலுமே தோன்றும். இன்று அச்சொல்லைக் கணிப்பொறித் துறையினரும் எடுத்தாளுகின்றனர். ஒரு மென்பொருளின் பன்னிரண்டாம் பதிப்பு, பதின்மூன்றாம் பதிப்பு என்று அவர்கள் உரையாடக் கேட்கும்போது, நம்மிடமிருந்து சொல் மட்டும் சென்றதா, அச்சொல்லின் பின்னே நிற்கும் பொறுப்பும் உடன் சென்றதா என்னும் வினா எழுகின்றது. பொறுப்பும் சென்றுள்ளது என்பதே நம் விடை. ஆயினும் அதனைச் சுமப்போர் மிகச் சிலர். அதன் பயனைத் துய்ப்போர் பல கோடியர். இவ்விரு திறத்தாருள் நம் கல்லூரிகள் எப்பக்கம் நிற்கின்றன என்பது பற்றிச் சில கருத்துகளை இம்மலரில் முன்வைக்க விழைகின்றோம்.

கணினித் துறை இருக்கத் தமிழ்த் துறை இதனைப் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். மென்பொருளும் எழுதப்பட்ட நூலே. அதனை ஒருவர் எழுதுகின்றார், மற்றொருவர் படியெடுக்கின்றார், பிறிதொருவர் திருத்துகின்றார், பலர் கைமாறி அது நம் மேசைக்கு வந்து சேர்கின்றது. கைமாறி வரும் நூலில் எப்பிழை எவ்வாறு நுழையும் என்பதை நம் துறையைக் காட்டிலும் நன்கறிந்தார் யாவர்? ஆதலின் நமக்கும் இங்கு ஒரு சொல் உண்டு.

பொதுப்படப் பேசுவதினும் ஒன்றனை எடுத்துக்கொண்டு பேசுதல் நலம். யூனிக்ஸ் மரபில் வந்த திறந்த மூல இயங்குதளங்களுள் 'டெபியன்' என்பதனை எடுத்துக்கொள்வோம். 1993 ஆகஸ்டு 16-இல் அமெரிக்க நாட்டுக் கல்லூரி மாணவர் ஐயன் முர்டாக் என்பவர் இதனைத் தொடங்கினார். டெப்ரா என்னும் தம் அன்பிற்குரியாரின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து இப்பெயரை அமைத்தார். தொடங்கியவர் 2015-இல் மறைந்தார், நிறுவனம் மறையவில்லை. இதற்கு முதலாளி இல்லை. உலகெங்கும் பரவிய தன்னார்வலர் கூட்டமே இதனை நடத்துகின்றது. 2025 ஆகஸ்டு 9-இல் வெளிவந்த இதன் பதின்மூன்றாம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 பொதிகள் உள்ளன. நமக்கு மிக அண்மையிலும் இதன் வழித்தோன்றல் ஒன்று உண்டு. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இந்திய இயங்குதளம் டெபியனை அடித்தளமாகக் கொண்டே எழுந்தது.

பொதி என்பது யாது? ஒரு மென்பொருளும், அதன் விளக்கக் குறிப்பும், அதன் அமைப்புக் கோப்புகளும், அஃது இயங்குதற்கு வேறு எவை எவை வேண்டும் என்னும் பட்டியலும் சேர்த்துக் கட்டப்பட்ட மூட்டையே பொதி. இப்பட்டியலைத்தான் 'சார்பு' என்கின்றனர். முற்காலத்தில் ஒரு மென்பொருள் வேண்டுமாயின் அதன் மூலத்தைத் தேடியெடுத்து, அது சார்ந்த பிறவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடி, நாமே தொகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1999-இல் வந்த 2.1 பதிப்பு முதல் 'ஆப்ட்' என்னும் கருவி அவ்வேலையை ஏற்றுக்கொண்டது. நாம் ஒன்றைக் கேட்டால், அதற்கு வேண்டுவன அனைத்தையும் அதுவே கணக்கிட்டுக் கொணர்ந்து முறைப்படி அமைத்துவிடும். கலியாண வீட்டுப் பிரியாணிக்குப் பண்டாரியிடம் ஆள் கணக்கு மட்டும் சொன்னால் போதும். அரிசி எத்தனை படி, இறைச்சி எத்தனை கிலோ, பட்டை எவ்வளவு, விறகு எவ்வளவு என்பதை அவரே எழுதித் தருவார் அல்லரோ? அத்தகையது ஆப்ட்.

இங்கு மாணாக்கர் பலர் மயங்கும் இடம் ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். 'அப்டேட்' என்றும் 'அப்கிரேட்' என்றும் இரண்டு ஏவல்கள் உள. முன்னது, களஞ்சியத்தில் இப்போது எவை உள்ளன என்னும் பட்டியலை மட்டும் புதிதாகக் கொணர்கின்றது. கணிப்பொறியில் ஒரு மென்பொருளும் மாறுவதில்லை. பின்னதே மென்பொருள்களை மாற்றுகின்றது. நூலகத்தின் புதிய நூற்பட்டியலை வாங்கி வைத்துக்கொள்வதும், நூல்களையே வாங்கி அடுக்குவதும் ஒன்றாகுமோ? முன்னதை மட்டும் நாள்தோறும் செய்துவிட்டு, 'எம் கணிப்பொறி புதுப்பிக்கப்பட்டது' என மகிழ்வோர் உளர்.

மற்றொரு நுட்பம் நம்மைப் பெரிதும் கவர்ந்தது. கணிப்பொறியின் பொறுப்பாளர் ஓர் அமைப்புக் கோப்பைத் தம் தேவைக்கேற்பத் திருத்தி வைத்துள்ளார் எனக் கொள்வோம். புதிய பொதியும் அதே கோப்பின் புதுவடிவம் ஒன்றைக் கொண்டு வருகின்றது. அப்போது டெபியன் தானாக எதனையும் அழிப்பதில்லை. நின்று கேட்கின்றது. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டவும் முன்வருகின்றது. மறுமொழி கூறாது வெறுமனே விசையைத் தட்டினால், பொறுப்பாளர் எழுதி வைத்ததே நிலைக்கும். வீட்டார் வைத்த பொருளை வந்த விருந்தினர் நகர்த்துவதில்லை என்னும் இப்பண்பு, பயனாளியைக் கேளாமலே எல்லாவற்றையும் மாற்றியமைக்கும் வணிக மென்பொருள்கள் பலவற்றில் இல்லை.

புதிய மென்பொருள் நேரே நம் கைக்கு வருவதில்லை. முதலில் 'சிட்' எனப்படும் நிலையற்ற களத்திற்கு வரும். அங்குச் சில நாள் தங்கி, பெரும்பிழை எதுவும் அறிவிக்கப்படாமலும், தான் சார்ந்தவற்றுடன் பொருந்தியும் இருப்பின் 'சோதனைக் களம்' செல்லும். ஏறத்தாழ ஈராண்டுக்கொரு முறை சோதனைக் களத்தின் வாயில் அடைக்கப்பட்டு, பிழைகள் களையப்பட்டு, 'நிலைபெற்ற பதிப்பு' வெளியாகும். பதிப்புகளுக்கெல்லாம் ஒரு பொம்மைத் திரைப்படத்தின் பாத்திரப் பெயர்களையே இடுகின்றனர். 'டாய் ஸ்டோரி' என்னும் அப்படத்தில் சிட் என்பவன் பொம்மைகளை உடைக்கும் அண்டைவீட்டுச் சிறுவன். நிலையற்ற களத்திற்கு அவன் பெயர் பொருத்தமே. 2023 சூனில் வந்த பன்னிரண்டாம் பதிப்பின் பெயர் 'புக்வார்ம்', அதாவது புத்தகப் புழு. நம் துறைக்கு இதனினும் இசைந்த பெயர் வேறு இராது.

நிலைபெற்ற பதிப்பு வெளிவந்தபின் அதிலுள்ள மென்பொருள்களின் பதிப்பெண் பெரும்பாலும் முன்னேறுவதில்லை. பாதுகாப்புப் பிழை ஏதேனும் வெளிப்பட்டால், அப்பிழையின் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே பொருத்துகின்றனர். எண்ணைப் பார்த்து 'இது பழையது' என இகழ்வோர் இதனை அறியார். பழைய எண்ணின் உள்ளே புதிய திருத்தம் உறையும். புதுமையை நாடுவது வேறு, பேணுவது வேறு என்னும் தெளிவு இவர்களிடம் இருப்பது கண்டு மகிழ்கின்றோம்.

இனி, இவ்வாறு வரும் பொதி உண்மையில் உரியவர் கையிலிருந்துதான் வந்தது என்பதற்குச் சான்று யாது? இவ்விடத்தில் நம் முன்னோர் கண்ட கலையொன்று நினைவிற்கு வருகின்றது. நபிமொழியை எடுத்துரைப்போர், 'இன்னார் இன்னாரிடம் கேட்டார். அவர் இன்னாரிடம் கேட்டார்' என்று அறிவிப்பாளர் வரிசையை முன்னே வைத்துப் பின்னரே மொழியைக் கூறுவர். அவ்வரிசையை 'இஸ்னாத்' என்பர். மொழியை 'மத்ன்' என்பர். வரிசையில் ஒரு கண்ணி அறுந்தாலும் அச்செய்தியின் தரம் தாழும். டெபியனிலும் ஓர் இஸ்னாத் உண்டு. களஞ்சியத்தின் தலைமைப் பட்டியலில் மின்னணுக் கையொப்பம் உள்ளது. அப்பட்டியல் கிளைப்பட்டியல்களின் சரிபார்ப்பு எண்ணைத் தாங்குகின்றது. கிளைப்பட்டியல் ஒவ்வொரு பொதியின் சரிபார்ப்பு எண்ணையும் தாங்குகின்றது. பொதியில் ஓர் எழுத்து மாறினாலும் எண் பொருந்தாது. ஆப்ட் அதனை ஏற்காது. பொதியைக் களஞ்சியத்திற்கு அனுப்புவோரும் தம் கையொப்பம் இட்டே அனுப்ப வேண்டும். புதியவர் ஒருவர் உறுப்பினராக விரும்பினால், முன்னரே உறுப்பினராயிருப்போர் அவரை நேரில் கண்டு, அடையாளச் சான்றினைச் சரிபார்த்து, அவர்தம் திறவியில் கையொப்பமிடுதல் மரபு. கண்காணாத் தொலைவிலிருந்து பணிபுரியும் இவர்கள், நம்பிக்கை என்று வருமிடத்து முகம் பார்த்தலையே நாடினர் என்பது எண்ணத்தக்கது.

இத்துணைக் காவலிருந்தும் இருமுறை பெரும் இடர் நேர்ந்தது. இரண்டும் இருவேறு வகை. இரண்டிலும் நமக்குப் பாடம் உண்டு.

முதலாவது, நல்லெண்ணத்தால் விளைந்தது. 'ஓப்பன் எஸ்எஸ்எல்' என்பது மறைப்புச் சாவிகளை ஆக்கும் மென்பொருள். அதன் டெபியன் பொதியைப் பேணியவர், பிழை காணும் கருவி ஒன்று இரண்டு வரிகளைக் குறைகூறக் கண்டு 2006-இல் அவற்றை நீக்கினார். மூல ஆசிரியர்களிடம் வினவியும் இருந்தார். தெளிவான மறுப்பு வரவில்லை. அவ்விரு வரிகளுள் ஒன்று நீங்கியதால் தீங்கில்லை. மற்றொன்றோ உயிர்நாடி. யாரும் ஊகிக்க இயலாத எண்ணை உண்டாக்கத் தேவையான தற்செயல் கூறுகளையெல்லாம் சேர்த்து வைத்தது அவ்வரியே. அது நீங்கியபின், எண்ணற்கரிய சாவிகள் பிறக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு வகைக்கும் ஏறத்தாழ 32,000 சாவிகளே பிறந்தன. ஒரு பிற்பகலில் அனைத்தையும் போட்டுப் பார்த்துப் பூட்டைத் திறந்துவிடலாம். ஏறத்தாழ இருபது திங்கள் எவரும் அறியவில்லை. லூசியானோ பெல்லோ என்னும் உறுப்பினர் கண்டறிய, 2008 மே 13-இல் உலகிற்கு அறிவித்தனர். அக்காலத்தில் அப்பதிப்பால் ஆக்கப்பட்ட சாவிகள் அனைத்தையும் எறிந்துவிட்டுப் புதியன ஆக்க வேண்டியதாயிற்று.

ஏடு பெயர்த்து எழுதுவோர் செய்யும் பிழைகளைப் பதிப்பாசிரியர் இருவகையாகக் காண்பர். ஒன்று, கை தவறிச் செய்வது, எளிதிற் புலப்படும். மற்றொன்று, பொருள் விளங்காத சொல்லைப் 'பிழை' எனக் கருதி, விளங்கும் சொல்லாக மாற்றி எழுதுவது. பின்னது கொடிது. ஓசை பொருந்தும், இலக்கணம் பொருந்தும், படிப்போர்க்கு ஐயமே எழாது. மூலம் மட்டும் மறைந்திருக்கும். 2008-இல் வெளிப்பட்டது இவ்வகைப் பிழையே. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும், அதற்கு முன்னரே 1842-இல் புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் சீறாப்புராணத்தை அச்சேற்றியபோதும் எத்துணைப் பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்பதை நம் மாணவர்க்கு வகுப்பறையில் எடுத்துரைக்கின்றோம். அதே பொறுமையே ஒரு பொதியைப் பேணுவோர்க்கும் வேண்டும் என்பதை எங்கும் எடுத்துரைப்பதில்லை.

இரண்டாவது இடர் வஞ்சத்தால் விளைந்தது. 'எக்ஸ்இசட்' என்பது கோப்புகளைச் சுருக்கி வைக்கும் சிறு மென்பொருள். பெயரறியாதாரும் அதனைப் பயன்படுத்திக்கொண்டிருப்பர். ஏனெனில் அதன்மேல் வேறு பல மென்பொருள்கள் சார்ந்து நிற்கின்றன. அதனை நெடுங்காலம் தனியொருவரே, ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில் பேணி வந்தார். 2021-இல் 'ஜியா டான்' என்னும் பெயருடன் ஒருவர் வந்து சிறு சிறு திருத்தங்கள் செய்து உதவினார். 2022-இல் அதுவரை அறியப்படாத சில பெயர்கள் தோன்றி, 'பணி மந்தமாக நடக்கின்றது. புதியவரைப் பொறுப்பில் சேர்த்துக்கொள்' என்று பேணுநரை இடித்துரைத்தன. களைத்திருந்த அவர் உதவியாளரைச் சேர்த்துக்கொண்டார். ஈராண்டு நற்பணி செய்து நம்பிக்கையைச் சேமித்த அக்கை, 2024 பிப்ரவரி, மார்ச்சுத் திங்களில் வெளியிட்ட 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ள வாயிலை ஒளித்து வைத்தது. தொலைவிலுள்ள கணிப்பொறிகளுக்குள் நுழைய உலகம் முழுதும் பயன்படுத்தும் 'எஸ்எஸ்எச்' வாயிலே அதன் குறி.

எஸ்எஸ்எச் எழுதியோர் எக்ஸ்இசட்டைத் தம் நூலில் சேர்த்தவர் அல்லர். டெபியன் முதலிய வெளியீட்டாளர் ஒரு வசதிக்காகத் தாமே சேர்த்த இணைப்பின் வழியாக, ஒன்றைச் சார்ந்து ஒன்றாக, அது வந்து ஒட்டிக்கொண்டது. சார்பு ஒன்று கூடும்போது நாம் நம்ப வேண்டியவர் எண்ணிக்கையும் ஒன்று கூடுகின்றது. சம்பந்தம் பேசும் வீட்டார் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மட்டுமா விசாரிக்கின்றனர்?

இதில் இஸ்னாத் எங்கே தவறியது? தவறவில்லை என்பதே அச்சம் தருவது. கையொப்பம் மெய், எண் பொருந்தியது, வரிசையில் ஒரு கண்ணியும் அறவில்லை. அறிவிப்பாளர்தாம் பொய்யர். இதனை எதிர்பார்த்தே ஹதீஸ் கலை வல்லுநர், அறிவிப்பாளர் வாழ்க்கையை ஆராயும் 'அஸ்மாவுர் ரிஜால்' என்னும் கலையை வளர்த்தனர். அத்துடன் நில்லாது மத்னையும் தனியே ஆராய்ந்தனர். வரிசை செம்மையாயிருந்தும் மொழி பொருந்தாவிடின் ஐயுற்றனர். எக்ஸ்இசட்டைக் காட்டிக்கொடுத்ததும் மத்னே. ஆண்ட்ரெஸ் பிராயுண்ட் என்னும் வல்லுநர் டெபியனின் நிலையற்ற களத்தில் வேறோர் ஆய்வு நிகழ்த்திக்கொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதிப்பதைக் கண்டார். அரை நொடி! நாமாயின் கணிப்பொறி பழையது என்றோ மின்னழுத்தம் குறைவு என்றோ விட்டிருப்போம். அவர் விடவில்லை. தோண்டிச் சென்று வேரைக் கண்டு, 2024 மார்ச்சு 29-இல் உலகிற்கு அறிவித்தார். எல்லாரும் காணுமாறு வைத்திருந்த மூலத்தில் இல்லாத ஒரு கோப்பு, பொதிகட்டுவோர்க்கென வெளியிட்ட தொகுப்பில் மட்டும் இருந்தது. கைப்படியும் அச்சுப்படியும் வேறுபட்டன என்று நம் துறையார் கூறுவது இதனைத்தான்.

டெபியனின் நிலைபெற்ற பதிப்பை அந்நஞ்சு தீண்டவில்லை. அதில் பழைய எக்ஸ்இசட்டே இருந்தது. மெல்லச் செல்வதை மடமை எனக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. நிலையற்ற களத்திலும் சோதனைக் களத்திலும் வந்துவிட்டதைத் திரும்பப் பெற்ற விதமும் சுவையானது. பொதியின் பதிப்பெண் முன்னோக்கியே செல்ல வேண்டும், 5.6.1-ஐ நீக்கி 5.4.5-ஐ வைத்தால் ஆப்ட் அதனைப் புதியதெனக் கொள்ளாது. ஆகவே அவர்கள் இட்ட எண் '5.6.1+ரியலி5.4.5' என்பது. 'ரியலி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு 'உண்மையில்' என்று பொருள். 'பெயரளவில் 5.6.1; உண்மையில் 5.4.5' என்று பதிப்பெண்ணிலேயே வாக்குமூலம் எழுதி வைத்தனர். முகப்பில் 'திருத்திய பதிப்பு' என அச்சிட்டு உள்ளே பழைய பக்கங்களையே கட்டி விற்போர் இதனைக் காணுதல் வேண்டும்.

நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒன்று கூற விழைகின்றோம். திறந்த மூல மென்பொருள் வக்ஃபு போன்றது. எழுதியவர் அதனைப் பொதுவில் விட்டுவிட்டார். விற்கவோ தடுக்கவோ கருதாது, எவரும் பயன்கொள்ளலாம் என்றார். ஆனால் வக்ஃபுச் சொத்து தானே தன்னைப் பேணிக்கொள்ளாது என்பதை நம் ஊர்களில் கண்கூடாகக் கண்டிருக்கின்றோம். முத்தவல்லி கண்ணுங்கருத்துமாயிருந்தால் தோப்பு காய்க்கும். கடை வாடகை பள்ளிவாசலுக்கு வந்து சேரும். அவர் தளர்ந்தால், முதலில் வேலி போகும். பின்னர் பக்கத்து வீட்டுச் சுவர் ஓரடி நகர்ந்து வரும். எக்ஸ்இசட்டைப் பேணியவர் தனித்து நின்ற முத்தவல்லி. அவர் களைத்த நாளில் உதவ வந்த கையே கள்ளக்கையாயிற்று. பயன் துய்த்தோர் பல கோடியர்; பெரும் வணிக நிறுவனங்களும் அவருள் அடக்கம். தோள் கொடுத்தோர் எத்தனை பேர்?

டெபியனார் பேணுநரை இழந்த பொதியை 'அநாதைப் பொதி' என்றே அதிகார முறையில் வழங்குகின்றனர். அதனை ஏற்க முன்வருவதைத் 'தத்தெடுத்தல்' என்கின்றனர். யத்தீம்கானாக்கள் நிறுவி வளர்த்த சமுதாயத்திற்கு இச்சொற்களின் கனம் விளங்கும். அநாதைப் பொதிகளின் பட்டியலை எவரும் பார்க்கலாம். அது சிறிய பட்டியலன்று.

இனி நம் கல்லூரிகளின் நிலைக்கு வருவோம். கணிப்பொறிக் கூடம் திறப்பதற்கு ரிப்பன் வெட்டுவோர் கிடைக்கின்றனர். புரவலர் பெயர் பொறித்த கல்லும் பதிக்கப்படுகின்றது. திறந்தபின் அக்கணிப்பொறிகளின் மென்பொருளைப் பேணுவார் யார் என்று கேட்டால், 'ஓடுவதைத் தொடாதே' என்னும் விடையே பல இடங்களில் கிடைக்கின்றது. இவ்விடை முற்றிலும் பொருளற்றதன்று. தேர்வு நாளன்று மேம்படுத்தப் புகுந்து கூடத்தையே முடக்கிவிட்டோர் எங்கும் உளர். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது. ஆயினும் தொடாமையும் ஒரு செயலே; அதற்கும் விலை உண்டு. 2017 மார்ச்சில் 'அப்பாச்சி ஸ்டிரட்ஸ்' என்னும் திறந்த மூல மென்பொருளின் பெரும்பிழைக்குத் திருத்தம் வெளிவந்தது. அமெரிக்காவின் 'ஈக்குவிபாக்ஸ்' நிறுவனம் தன் கணிப்பொறி ஒன்றில் அதனைப் பொருத்தாது விட்டது. மே திங்களில் கள்வர் நுழைந்தனர். ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் தனிச்செய்திகள் பறிபோயின. மருந்து வாயில் வரை வந்திருந்தது, உட்கொள்வார் இல்லை. நம் கல்லூரிகளிலும் மாணவியர் முகவரியும், கைப்பேசி எண்ணும், பெற்றோர் வருவாய்ச் சான்றும் கணிப்பொறியில்தானே உறங்குகின்றன? அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

மற்றொன்றையும் மறைக்காது சொல்ல வேண்டியுள்ளது. விலை கொடாது பூட்டுடைத்த மென்பொருள்களைக் கல்விக்கூடங்கள் பலவும் கூச்சமின்றிப் பயன்படுத்துகின்றன. பள்ளிவாசல் வாயிலில் செருப்பு மாறிவிட்டாலே இரவெல்லாம் மனம் உறுத்தும் நல்லோர்கூட இதனைக் குற்றமாகக் கருதுவதில்லை. குற்றம் ஒருபுறம் இருக்க, பூட்டுடைத்தவர் உள்ளே வேறென்ன வைத்தார் என்பதை அறிய வழியில்லை. அதற்கு இஸ்னாதும் இல்லை. மத்னை ஆராய மூலமும் இல்லை. ஏழைக் கல்லூரி என் செய்யும் என்று வாதிடுவோர்க்கு, விலையின்றி அறவழியில் கிடைப்பது கண்முன்னே இருக்கின்றது என்பதே மறுமொழி.

விலையின்றிக் கிடைப்பதால் உழைப்பின்றிப் பேணலாம் என்று கொள்ளற்க. நாம் வேண்டுவன பெரியவை அல்ல. கூடத்திற்குப் பொறுப்பான உதவியாளருக்கு வாரத்தில் சில மணி நேரமேனும் பேணுதற்கென்றே ஒதுக்கித் தரல் வேண்டும். அந்நேரத்தில் அவரை அச்சுப்பொறிக்குத் தாள் போட அழைத்தல் கூடாது. மேம்படுத்தலை முதலில் ஒரு கணிப்பொறியில் செய்து பார்த்து, ஒரு வாரம் கழித்துப் பிறவற்றில் செய்தல் முறை. நாற்பது கணிப்பொறிகளும் ஒரே பொதியை நாற்பது முறை இணையத்திலிருந்து இறக்க வேண்டியதில்லை. ஒன்று இறக்கிச் சேமித்து வைத்து மற்றவற்றிற்கு வழங்க ஏற்பாடு உண்டு. ஒரு பதிப்பைத் தாண்டி மறு பதிப்பிற்குப் பாய்தலும் ஆகாது. பதினொன்றில் இருப்போர் பன்னிரண்டிற்கு வந்தே பதின்மூன்றிற்குச் செல்ல வேண்டும்; பத்தாண்டு உறங்கிவிட்டு ஓரிரவில் விழித்தெழ நினைப்போர்க்கு இது கடினமே. ஆப்ட் தான் செய்த ஒவ்வொன்றையும் நாள், நேரம் குறித்துத் தன் வரலாற்றுக் கோப்பில் எழுதி வைக்கின்றது. துறைத்தலைவர் திங்களுக்கு ஒருமுறை அதனைத் திறந்து பார்த்தால், பேணுதல் நடந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

தமிழ் மாணவர்க்குரிய பணியும் இதில் காத்திருக்கின்றது. லோகித் தமிழ் எழுத்துரு முதலியன டெபியனில் பொதிகளாகவே உள்ளன. இயங்குதளத்தை நிறுவும்போதே தமிழைத் தேர்ந்துகொள்ள இயலும். யாரோ சிலர் அமர்ந்து பெயர்த்ததால் அது கைகூடியது. ஒவ்வொரு பொதிக்கும் உள்ள விளக்கக் குறிப்பைப் பிறமொழிகளில் பெயர்க்கும் திட்டம் ஒன்றும் நடந்துவருகின்றது. ஐந்தாறு வரிகளே கொண்ட குறிப்புகள் அவை. நிரல் எழுத அறியாதாரும் இதில் பங்குபெறலாம். அப்டேட், அப்கிரேட் இரண்டிற்கும் தமிழில் 'மேம்படுத்தல்' என்னும் ஒரே சொல்லைப் பெய்துவிடுவதால் முன்னர்க் கூறிய மயக்கம் தமிழில் இரட்டிப்பாகின்றது. முன்னதைப் 'பட்டியல் புதுக்கல்' என்றும், பின்னதைப் 'பொதி உயர்த்தல்' என்றும் வழங்கிப் பார்க்கலாம். இதனினும் நல்ல சொல் மாணாக்கர்க்குத் தோன்றின் அதனையே கொள்வோம். இக்கோடை விடுமுறைக்குள் முதலாண்டு முதுகலை மாணவர் ஆளுக்குப் பத்துக் குறிப்புகள் பெயர்த்துத் தர இசைந்தால், திருத்திப் பார்க்கும் பணியை ஆசிரியர் நாம் ஏற்றுக்கொள்கின்றோம்.